நூறு பந்துக்கு எழுபத்தெட்டு

ராஜாராம் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றிருந்தான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் சாதிச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாரோன் கணினியிலிருந்து நிமிர்ந்தபோது அவன் கையிலிருந்த போனை உயர்த்திக் காட்டிவிட்டு, கூட்டம் குறையட்டும் என்பதுபோலத் தலையசைத்தான்.

பீட்டர் போன பிறகு அவன் நண்பர்கள் எல்லோருமே அவளிடம் இப்படித்தான் ஆகிவிட்டார்கள். முன்பெல்லாம் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்து அவள் புருஷனைக் கூப்பிட்டவர்கள். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை காலியானது. ராஜாராம் உள்ளே வந்து போனை மேசைமேல் வைத்தான்.

"அண்ணி, கோடை டோர்னமென்ட் இந்த வாட்டி அண்ணன் பேர்ல நடத்தறோம். பேனர் டிசைன் வந்துக்கீது. நீங்க பாத்து சரின்னா பிரின்ட்டுக்குக் குடுத்துடுவேன்."

பீட்டர் இறந்தது ஐப்பசி மழையில், ஒரு வாரக் காய்ச்சலில். நினைவு நாளிலேயே போட்டி வைக்கலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். ஐப்பசியில் ஏரியில் தண்ணீர் நிற்கும். இவர்கள் ஆடும் இடம் ஏரிக்குள்தான். தண்ணீர் வற்றி, மண் வெடித்து, வேலிகாத்தான் முள்ளை வெட்டி ஒதுக்கிய பிறகுதான் அது மைதானம் ஆகும். அதனால் கோடைக்குத் தள்ளிப்போட்டார்கள்.

ஷாரோன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 'பீட்டர் நினைவுக் கோப்பை' என்று வளைவான எழுத்து. அதன் கீழே பீட்டர். கல்யாண வரவேற்பில் எடுத்த படம்தான். அன்று கையில் பிடித்திருந்த பூச்செண்டை எடுத்துவிட்டு, டிசைன் போட்டவர் ஒரு பேட்டை வைத்திருந்தார். கோட்டு சூட்டோடு பேட் பிடித்து நின்றான் பீட்டர்.

"கிரவுண்டுல எடுத்த போட்டோ ஒண்ணுகூடவா இல்ல?"

"சிக்ஸ் அடிக்கறவனத்தான் அண்ணி போட்டோ எடுப்பானுங்க" என்றான் ராஜாராம். சொன்ன பிறகு பின்கழுத்தைத் தடவிக்கொண்டான்.

படத்துக்குக் கீழே மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவதில் ஆடிய போட்டிகள், அடுத்ததில் எடுத்த ரன்கள். மூன்றாவதில் 'ஸ்ட்ரைக் ரேட்: 78' என்று இருந்தது.

"இது இன்னா, எழுபத்தெட்டு?"

"அது ஒரு கணக்கு அண்ணி. இப்ப நம்ம ஊரு மேட்ச்சுகூட எல்லாத்தையும் போன்லதான் ஏத்தறாங்க. ஸ்கோர் போட்டா ஆப்பே எல்லாம் கணக்கு பண்ணிக் குடுத்துடும்."

"எழுபத்தெட்டு, நூத்துக்கா?"

ராஜாராம் சற்றுத் தயங்கினான். "ஆமா அண்ணி. நூத்துக்குத்தான்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஷாரோனுக்கு அந்த எண் ஒரு மதிப்பெண்ணாகத்தான் தெரிந்தது. அவள் காஞ்சிபுரத்தில் பி.காம். படித்தவள். எழுபத்தொரு சதவீதம் வாங்கியவள். பீட்டர் பத்தாவதோடு நின்று, கம்பி கட்டும் வேலைக்குப் போனவன். கல்யாணமான புதிதில் அவளுடைய பட்டத்தைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைவிட ஏழு மார்க் ஜாஸ்தி" என்றாள் ஷாரோன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

ராஜாராம் போனை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி வெளியே போனான்.

*

சாயங்காலம் அவள் அதை மங்கம்மாவிடம் சொன்னாள். மங்கம்மா பீட்டருடைய அண்ணன் ஏசுதாஸின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்தான். ஏசுதாஸ் லோடு ஆட்டோவிலிருந்து காலித் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். பகலில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் நடக்கும் போட்டிகளுக்கு ஸ்கோர் ஏற்றி மைக்கில் சொல்கிறவன்.

"எழுபத்தெட்டாம் அக்கா. டிஸ்டிங்ஷன்."

ஏசுதாஸ் ஒரு கேனைக் கையில் வைத்தபடியே நின்றான். "யாரும்மா சொன்னது டிஸ்டிங்ஷன்னு?"

"ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல."

"இன்னாய்யா ஒண்ணுமில்ல? பொண்ணு எவ்ளோ ஆசையா சொல்லிக்கினு கீது. வாயத் தொறந்து சொல்லேன்" என்றாள் மங்கம்மா.

அவன் கேனைக் கீழே வைத்தான். "டென்னிஸ் பால் ஆட்டத்துல எழுபத்தெட்டுன்னா ஃபெயிலும்மா."

நூறு பந்து ஆடினால் எழுபத்தெட்டு ரன் எடுப்பான் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று விளக்கினான். எட்டு ஓவர் ஆட்டத்தில் நூற்றைம்பதுக்கு மேல் வைத்திருப்பவனைத்தான் ஆள் என்று மதிப்பார்கள்.

"நூத்துக்கு எப்பிடி மாமா நூத்தம்பது வரும்?"

"ஒரு பந்துல ஆறு வரைக்கும் எடுக்கலாம் இல்ல? நூறு பந்துக்கு அறுநூறு."

ஷாரோன் கணக்கில் கெட்டிக்காரி. அறுநூறுக்கு எழுபத்தெட்டு என்பதை மனம் அந்தக் கணமே போட்டு முடித்தது. பதின்மூன்று சதவீதம். மதியம் ராஜாராம் ஏன் தரையைப் பார்த்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

*

பீட்டர் இந்தத் தெருவிலேயே ஆடக் கற்றுக்கொண்டவன். ஊரிலிருந்து தள்ளி, சர்ச்சைச் சுற்றி இருக்கும் காலனி இது. ஆண்கள் கம்பி கட்டவும் களத்து வேலைக்கும் போகிறவர்கள். அவன் சிறுவனாக இருந்தபோது தெருவுக்கு மொத்தம் ஒரே பேட்தான். சர்ச்சில் கிறிஸ்துமஸ் விளையாட்டுப் போட்டிக்காக வாங்கியது. ஆட இருபது பிள்ளைகள் வருவார்கள். அணி பிரிப்பதில்லை, ஓவர் எண்ணுவதில்லை, யார் எத்தனை ரன் என்று யாரும் கேட்பதுமில்லை. ஒரே சட்டம்: அவுட் ஆனவன் பேட்டைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி முறை வருவதற்குள் இருட்டிவிடும். அவுட் ஆகாதவன் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

அப்படி ஒரு தெருவில் கெட்டிக்காரப் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்? தூக்கி அடித்தால் பந்து சர்ச் சுவரைத் தாண்டிப் போகலாம், யாராவது பிடித்தும் விடலாம். தட்டி வைத்தால் ஆபத்தில்லை. பீட்டர் தட்டி வைத்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து பேட்டைத் தொட்டான் என்றால் விளக்கு வைக்கும்வரை விடமாட்டான். மற்ற பிள்ளைகள் பந்து போட்டுப் போட்டுத் தோள் வலித்து, "டேய், நீயே வெச்சிக்கோ, நாங்க போறோம்" என்று கலைந்து போவார்கள். அப்போதும் அவன் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பந்தைக் கொடுத்து, "ஒண்ணே ஒண்ணு போடும்மா" என்று கெஞ்சுவானாம்.

வளர்ந்த பிறகும் குணம் மாறவில்லை. ஷாரோனை அவன் கட்டியதும் அப்படித்தான். அவள் ஓரிக்கைக்காரி. அவளுடைய அப்பா முதலில் முடியாது என்றார். பீட்டர் சண்டை போடவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடவும் இல்லை. வாராவாரம் வருவான். கூடத்தில் உட்கார்ந்து கொடுத்த டீயைக் குடிப்பான். பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்பான், போய்விடுவான். மறுபடி பெண் கேட்கவே மாட்டான். கடைசியில் அப்பாவே சலித்துப்போய், "இவன் போற மாதிரி தெரியல" என்று அம்மாவிடம் சொல்லித் தேதி குறித்தார்.

கிரிக்கெட் பற்றி வீட்டில் அவன் அதிகம் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் போவான், செம்மண் முழங்கால்வரை படிய வருவான். அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

போன கோடையில் ஒரு நாள் அப்படித்தான் வந்தான். கால் கழுவினான். ஷூவைத் துடைத்து ஒரு பையில் போட்டு, பரணில் வைத்தான்.

"இன்னா ஆச்சு?"

"ஃபைனல்ல தோத்துட்டோம்" என்றான்.

அதன் பிறகு அவன் ஏரிக்குள் ஆடப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தான். குழாய்க்கு வாஷர் மாற்றினான். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டான். இருவரும் ஒருமுறை காஞ்சிபுரம் போய்ப் புடவை எடுத்துவிட்டு, வரும் வழியில் ஐயங்கார்குளத்தில் படியில் உட்கார்ந்து பொரி தின்றார்கள். புருஷனுக்கு ஒருவழியாக ஆட்டப் பித்து தெளிந்துவிட்டது என்று ஷாரோன் சந்தோஷப்பட்டாள். ஜெபத்தில் நன்றிகூடச் சொன்னாள். மழைக்காலம் வரைக்கும் அந்த ஞாயிறுகள் கிடைத்தன.

எழுபத்தெட்டின் அர்த்தம் தெரிந்த பிறகு அவளால் அந்த ஞாயிறுகளைப் பழையபடி நினைக்க முடியவில்லை.

*

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏசுதாஸிடம் கேட்டாள். "மாமா, அந்த ஃபைனல் மேட்ச் உங்க போன்ல கீதா?"

"இன்னாத்துக்கும்மா அது?"

"அவரு ஏன் ஆடப் போறத வுட்டாருன்னு எனக்குத் தெரியணும்."

அவன் மறுக்கவில்லை. ஆட்டோவின் பின்பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மங்கம்மா முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். ஏசுதாஸ் போனில் தேடி எடுத்தான். போன கோடையின் இறுதி ஆட்டம் பந்து பந்தாக அதில் இருந்தது.

எதிரணி ஐயங்கார்குளம். முதலில் ஆடி எட்டு ஓவரில் எழுபத்திரண்டு. இவர்கள் ஜெயிக்க எழுபத்துமூன்று வேண்டும், கையில் நாற்பத்தெட்டுப் பந்து. ஓவருக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல்.

"அதுதான் தேவை. ரெக்கொயர்டு ரேட்டுன்னு சொல்லுவாங்க. ஆரம்பத்துல ஒம்போது கீது. நாம ஒம்போதுக்குக் கம்மியா எடுத்தா அது ஏறும். ஜாஸ்தி எடுத்தா இறங்கும். அவ்ளோதான்."

"பீட்டர் எவ்ளோ எடுத்தாரு?"

"முதல்லயே இறங்குனான். கடைசி வரைக்கும் நின்னான். இருபத்தஞ்சு பந்துல பத்தொம்போது. நாட் அவுட்."

"மொத்தம்?"

"அறுபத்தேழு. அஞ்சு ரன்னுல தோத்தோம்."

ஷாரோன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்தெட்டில் அவன் ஒருவனே இருபத்தைந்து பந்து ஆடியிருக்கிறான். மற்ற எல்லோருமாகச் சேர்ந்து மிச்சம் இருபத்துமூன்றில் மீதியை எடுத்திருக்கிறார்கள்.

"பந்துக்கு ஒண்ணுன்னு எடுத்திருந்தாகூட..." என்று தொடங்கினாள்.

"இருபத்தஞ்சு வந்திருக்கும். ஆறு கூட." ஏசுதாஸ் மெதுவாகச் சொன்னான். "எழுபத்திமூணு. ஜெயிச்சிருப்போம்."

மங்கம்மா கீரை உருவுவதை நிறுத்தினாள். "நீ ஒரு ஆளுய்யா. கொஞ்சம் இட்டுக்கட்டித்தான் சொன்னா இன்னா? அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவளே கணக்குப் போட்டுக்கினாம்மே. நான் இன்னா பண்றது?"

ஷாரோன் விடவில்லை. அந்தக் கணக்கில் எங்காவது ஒரு சந்து இருக்கும், அதன் வழியாகப் பீட்டரை வெளியே இழுத்துவிடலாம் என்று தோன்றியது. "மத்தவங்க அவுட் ஆனாங்களே? அவரு கடைசி வரைக்கும் ஆகல இல்ல? அது நல்லதுதானே?"

"ஆறு பேருதாம்மா அவுட்டு. நாலு விக்கெட் கையில மிச்சம் இருந்துது. ரன் துரத்தறப்ப மிச்சம் வெச்சிக்கினு தோக்கறதுதான் பெரிய தப்பு."

"மிச்சம்னா நல்லதில்லையா?"

"அடுத்த மேட்ச்சுக்கு எடுத்துக்கினு போக முடியாதே."

கல்லூரியில் இறுதிக் கையிருப்பு என்று ஒன்று எழுதுவார்கள். இந்த ஆண்டின் மிச்சம் அடுத்த ஆண்டின் முதல் வரியில் வந்து உட்காரும். இங்கே அப்படி ஒரு வரி இல்லை. பீட்டர் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தது, கடைசிப் பந்து விழுந்ததும் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. அவன் ஆடிய தெருவில் அது எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது.

"அடிக்கத் தெரியாதா அவருக்கு?"

ஏசுதாஸ் திரையைத் தள்ளினான். நான்காவது ஓவர் முடிந்த இடத்தில் நிறுத்தினான்.

"இங்க பாரு. நாலு ஓவர்ல நாம முப்பத்திநாலு. அவங்க ஆடுறப்ப நாலு ஓவர்ல முப்பதுதான். ராஜாராம் வெளிய இருந்து கத்தறான், 'நாமதான் முந்திக்கினு கீறோம், பீட்டரு நீ நில்லு, வுட்றாத, நீ நின்னா போதும்'னு. நம்ம பசங்க எல்லாம் டான்ஸ் ஆடறானுங்க."

"முந்தினதுதானே மாமா? நாலு ரன் ஜாஸ்தி."

"நீயும் அப்பிடியே சொல்ற பாரு. அவங்க அந்த ஓவர்ல எவ்ளோ இருந்தாங்கன்னு பாக்கவே கூடாது. இன்னும் எவ்ளோ வேணும், எத்தினி பந்து கீது, அத்த மட்டுந்தான் பாக்கணும். ஒருத்தன் ரெண்டு ஓவர்தான் போடலாம். நல்லா போடறவங்கள நாம முதல்லயே முடிச்சிட்டோம், அதான் அவங்களுக்கு முதல்ல ரன் வரல. கடைசி ரெண்டு ஓவர் சும்மாப் பசங்க போட்டானுங்க. இருபத்தஞ்சு அடிச்சிட்டாங்க. அவங்க அப்பிடி இல்ல. ஒரு லெஃப்ட் ஹேண்டுக்காரன் இருந்தான், அவன கடைசிக்கு வெச்சிருந்தாங்க."

அவள் கணக்குப் போட்டாள். மிச்சம் நான்கு ஓவரில் முப்பத்தொன்பது. "ஒம்போதே முக்கால்."

"ஆங். ஒம்போதுல ஆரம்பிச்சது ஒம்போதே முக்கால் ஆயிடுச்சி. முந்தல, பின்னாடி போயிக்கினு கீறோம். ஆறாவது ஓவர் முடிஞ்சப்பவும் அவங்களவிட ரெண்டு ரன் ஜாஸ்திதான். ஆனா தேவை பன்னெண்டு. போட வர்றவன் லெஃப்ட் ஹேண்டுக்காரன்."

"நீங்க சொல்லலையா?"

"ஸ்கோர் ஏத்தறவன் ஆடுறவங்கிட்ட பேசக்கூடாது. பேசினா அங்கயே அடிதடி. மைக்குல சொன்னேன், தேவை ஒம்போதே முக்கால்னு, பன்னெண்டுன்னு. எவன் காதுல வுழுது? இவனுங்க பாட்டு போட்டுக்கினு ஆடுறானுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. தோத்ததும் ராஜாராம் அத்தினி பேரு முன்னாடி கத்தினான். 'கட்டை, கட்டை, இருபத்தஞ்சு பந்த முழுங்கிட்டியேடா'ன்னு. அவன் மட்டுமில்ல, எல்லாருந்தான் கத்துனாங்க. அன்னிலேர்ந்து கட்டை பீட்டர்னே பேரு."

"நீதானே நில்லுன்னு சொன்னேன்னு இவரு கேக்கலையா?"

"கேக்கல. பேட்ட பையில வெச்சிட்டு வந்துட்டான்."

ஷாரோன் பரீட்சை முடிவைக் கேட்பவள்போல, "அப்ப அவராலதான் தோத்துதா மாமா?" என்றாள்.

ஏசுதாஸ் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். "கணக்குப்படி பாத்தா, ஆமா."

"கணக்கு இல்லாம?"

"கணக்கு இல்லாம அங்க இன்னாம்மா கீது?" என்றான். அதற்குள் மங்கம்மா எழுந்து, "போதும், எழுந்து வாங்க ரெண்டு பேரும். சோறு ஆறுது" என்றாள்.

*

மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் ஷாரோன் ராஜாராமுக்கு போன் செய்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். 'நில்' என்று சொன்னது நீதானே என்று கேட்க வேண்டும். கேட்டால் அவன் என்ன செய்வான்? போட்டியை நிறுத்தலாம், அழலாம். பீட்டர் கேட்காமல் விட்டதை அவள் கேட்டதாக ஆகும். இவர்களைத் தவிரப் பீட்டர் பேரைச் சொல்லி ஒரு கோப்பை வைக்க உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"ராஜாராம், அந்த மூணாவது பெட்டி வேணாம். எடுத்துடு" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன் அண்ணி? யாருனா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. அது வேணாம். ரன்னு, மேட்ச்சு, அது போதும். எல்லாரும் வருவாங்க, ஐயங்கார்குளம் ஆளுங்களும் வருவாங்க. அவங்க பாத்து சிரிக்கற மாதிரி எதுவும் இருக்க வேணாம்."

"சிரிக்க வுட்டுடுவேனா அண்ணி? நீங்க கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தச் சொல்லை அவள் நம்பினாள்.

*

போட்டி நாளன்று ஏரிக்குள் வெயில் வெள்ளையாக அடித்தது. கரையிலிருந்து இறங்கும் வழியில் இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்தே கோட்டு சூட்டில் பீட்டர் தெரிந்தான். ஷாரோன் மங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நெருங்க நெருங்க எழுத்துகள் துலங்கின. போட்டிகள். ரன்கள்.

மூன்றாவது பெட்டி இருந்தது. ஸ்ட்ரைக் ரேட்: 178.

ராஜாராம் ஓடிவந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண். பிட்ச் உருட்டியது, பந்தல் போட்டது, சாப்பாட்டுக்குச் சொன்னது எல்லாம் அவன்தான்.

"ரெண்டு பெட்டி மட்டும் வெச்சா காலியா அசிங்கமா இருந்துது அண்ணி. நீங்க வேற கவலப்பட்டீங்களா... முன்னாடி ஒரு ஒண்ணு மட்டும் சேத்துட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணனுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்? நல்லா கீதா அண்ணி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பேச்சுக் கேட்டது. ஐயங்கார்குளம் ஆட்கள் பைக்குகளை நிறுத்திவிட்டுப் பேனருக்குக் கீழே நின்றிருந்தார்கள். அவர்களில் கேசவன் என்று ஒருவன், வெற்றிலை போட்ட வாயோடு அண்ணாந்து படித்தான்.

"நூத்தி எழுபத்தெட்டா? டேய், இது எந்த பீட்டர்டா?"

"நம்ம கட்டைதாம்ப்பா."

"அடேங்கப்பா. செத்தப்புறம்தான் ஃபார்முக்கு வந்துக்கீறாரு போல."

சிரிப்பு ஒரு வட்டம் சுற்றி வந்தது. யாரோ ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு முழங்கையால் கேசவனை இடித்தான். கேசவன் திரும்பினான், முகம் செத்துப்போய், கையைக் குவித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தான்.

ராஜாராமுக்கும் அது கேட்டிருந்தது. அவன் காது சிவந்தது. ஆனாலும் பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பென்றால் ஷாரோனும் அந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள். நூற்றுக்கு எப்படி நூற்று எழுபத்தெட்டு என்று வேண்டுமானால் கேட்டிருப்பாள். இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலேயே போயிருக்கும்.

"நல்லா கீது ராஜாராம்" என்றாள்.

*

பந்தலில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், நேராகப் பேனருக்கு எதிரில். காலையிலிருந்து ஆட்டங்கள் நடந்தன. இறுதி ஆட்டம் தொடங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. காலனி அணி முன்னமே தோற்று வெளியேறியிருந்தது. ஆடியது ஐயங்கார்குளமும் ராஜகுளமும். ஐயங்கார்குளம் முதலில் ஆடி எண்பது எடுத்தது. ராஜகுளம் துரத்தியது.

ஷாரோனுக்கு இப்போது ஆட்டம் தெரிந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பந்து விழுந்ததும் மனம் தானாகக் கழித்து, வகுத்து, ஓர் எண்ணை முன்னால் வைத்தது. வேண்டாம் என்றாலும் வைத்தது. ஏசுதாஸ் மைக்கில் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பதினெட்டு பந்துகளில் தேவை முப்பத்தொரு ரன்கள்" என்றது மைக். ஓவருக்குப் பத்துக்கு மேல்.

ராஜகுளத்துக்கு ஒரு முனையில் ஆடியவன் பச்சை டீ-ஷர்ட் போட்ட ஒல்லியான இளைஞன். ஆரம்பத்திலிருந்தே நிற்கிறான். பந்து காலுக்கு வந்தது. குனிந்து, பேட்டைச் சாய்த்து, பந்தைத் தரையிலேயே சாகடித்தான். ரன் இல்லை. அடுத்ததும் அப்படியே.

"டேய்! பீட்டர் ஆடாதடா!" என்று ராஜகுளம் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

அவன் வேண்டுமென்றே சொல்லவில்லை. பேனரையோ பந்தலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையோ அவன் நினைத்திருக்க மாட்டான். ஏரிக்குள் அது இப்போது எல்லோரும் சொல்கிற ஒரு சொல்தான் என்பது, சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காததிலிருந்து தெரிந்தது. மங்கம்மா எழுந்துவிட்டாள். "எவண்டா அவன்?" என்று புடவையைச் செருகினாள். ஷாரோன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மைக்கில் உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஏசுதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதினாறு பந்துகள்... முப்பத்தொன்று" என்றான்.

பச்சை டீ-ஷர்ட்காரன் அடுத்த பந்துக்கு ஒன்று எடுத்தான். அந்த ஓவரில் நான்குதான் வந்தது. மிச்சம் பன்னிரண்டு பந்து, இருபத்தேழு ரன். பதின்மூன்றரை. இனி முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இளைஞனால்தான் தோற்கப்போகிறார்கள் என்றும், அவன் இப்போதே தூக்கி அடித்து அவுட் ஆகிப் போனால்கூட அணிக்கு நல்லது என்றும் கணக்கு தெளிவாகச் சொன்னது. அவள் உள்ளங்கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கர்த்தரே, இவன் அவுட் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவன் அவுட் ஆகவில்லை. ராஜகுளம் எட்டு ரன்னில் தோற்றது.

ஐயங்கார்குளத்துக்காரர்கள் கேசவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுக்கச் சொன்னார்கள். பேனருக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கேசவன் கோப்பையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், "ரொம்ப நன்றிங்க அண்ணி" என்றான்.

படம் எடுத்து முடிந்து கூட்டம் கலைந்தபோது, பச்சை டீ-ஷர்ட் இளைஞன் தனியாக வந்தான். அவன் அணிக்காரர்கள் கரைமேல் நின்று சத்தமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கே போகாமல், பேனர் விரித்த நிழலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். கயிறு முடிச்சு விழுந்து வரவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான்.

ஷாரோன் நாற்காலியை விட்டு எழுந்து அவனிடம் போனாள். அவனிடம் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. வெளியே இருந்து யாராவது உன்னை நில்லென்று சொன்னார்களா என்று கேட்க வேண்டும். அடுத்த ஞாயிறும் ஆட வா என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் போய் நின்றாள்.

"தண்ணி வேணுமாப்பா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். யார் என்று தெரியவில்லை அவனுக்கு. "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கையிலெடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு கரையேறிப் போனான்.